மேசையா, நடையா, உறியடியா? தோட்டப் பட்டணத்துக் கிறிஸ்துமஸ் இரவுக்கு எது பொருந்தும்

சுங்கை சிப்புட், பீடோங், பாகான் செராய் மாதிரி மலேசியத் தோட்டப் பட்டணங்களில் டிசம்பர் நெருங்கும்போது சபைக் கமிட்டிகள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: இந்த வருஷம் கலைநிகழ்ச்சிக்கு என்ன செய்வது? கையில் இருப்பது ஒரே இரவு, பூப்பந்துக் கோடு போட்ட ஒரே பலாய்ராயா, அதாவது ஊர்ப் பொதுமண்டபம். வரக்கூடியவர்கள் 120 முதல் 150 பேர். அதில் பாதிப் பேர் சபையைச் சேராத அக்கம்பக்கத்தார். வழக்கம்போல் வீடு வீடாகக் கேரல் பாடிவிட்டுப் பிரியாணியோடு முடித்துக்கொள்வதில் தப்பில்லை. வேறு ஏதாவது செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இணையத்தில் தேடினால் உலகத்து விநோதமெல்லாம் வந்து கொட்டும். அதில் பெரும்பாலானது நம் வெயிலுக்கும் மழைக்கும் ஒத்துவராது. ஒத்துவரக்கூடியவை மூன்று: மேசை போட்டு நடத்தும் காபரே, மெக்சிக்கோவின் போசாதா நடை, அடித்து உடைக்கும் பிள்ளை விளையாட்டு.

மேசை நிகழ்ச்சி

காபரே என்ற சொல்லைக் கமிட்டிக் கூட்டத்தில் எடுத்தாலே பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தக் காலத்துத் தமிழ் சினிமா அந்தச் சொல்லுக்குப் பூசிய சாயம் அப்படி. மூலத்தில் அது வேறு சங்கதி. 1881இல் பாரிஸின் மோன்மார்த் பகுதியில் ரோடோல்ஃப் சலீஸ் 'கறுப்புப் பூனை' என்ற பெயரில் ஒரு கடை திறந்தார். சின்ன அறை, நெருக்கமான மேசைகள், பாட்டு, கவிதை, நையாண்டி. இவற்றையெல்லாம் கோத்துக்கொண்டு போக வாய்ச்சாலகமான ஓர் அறிவிப்பாளர், அதுவும் சலீஸே. உள்ளே வருபவர்களைக் கிண்டல் செய்து வரவேற்பது அவருடைய பாணி. 'மேசை விருந்துக் கலை இரவு' என்று அழைப்பிதழில் போட்டுவிட்டால் பெயர்ச் சண்டை முடிந்தது.

இந்த வித்தை மலேசியாவுக்கும் புதிதல்ல. பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகத்தில் ஒரு காட்சி முடிந்து திரைச்சீலை மாற்றும் நேரத்தில், முன்திரைக்கு வெளியே ஒரு பாட்டோ ஆட்டமோ சிரிப்போ போடுவார்கள். 'எக்ஸ்ட்ரா டர்ன்' என்று பெயர். துண்டு துண்டான உருப்படிகள், ஒவ்வொன்றும் சலிப்பதற்குள் முடிந்துவிட வேண்டும். மேசை நிகழ்ச்சிக்கும் இதுதான் உயிர்.

சிக்கல் இடக்கணக்கில் வருகிறது. பூப்பந்து ஆடுகளம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசைக்கு நாற்காலி, நடைவழி எல்லாம் சேர்த்து மூன்றுக்கு மூன்று மீட்டர் வேண்டும். கோட்டுக்குள் எட்டு மேசைதான் அடங்கும். கோட்டுக்கு வெளியே உள்ள ஓரங்களையும் பிடித்தால் பன்னிரண்டு. இதுவரைக்கும் 120 பேருக்கு இடம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் வட்ட மேசையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் மேடைக்கு முதுகு காட்டுபவர்கள் மூன்று பேராவது இருப்பார்கள். நாற்காலியைத் திருப்புவார்கள், கால் இடிக்கும், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். மேடைப் பக்கத்தைக் காலியாக விட்டு ஏழு பேரை அரைவட்டமாக உட்காரவைப்பதே சரி. அப்படிச் செய்தால் பன்னிரண்டு மேசைக்கு 84 பேர். 150 பேரை வைத்துக்கொண்டு காபரே நடத்த முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. கல்யாண விருந்தில் மேடையை யாரும் கவனிக்காமல் போவதும் இதே கணக்கினால்தான்.

84 பேருக்குள் என்றால் மேசை நிகழ்ச்சி பிரமாதமாக இருக்கும். மொத்தம் 70 நிமிடம். நான்கு முதல் ஆறு நிமிட உருப்படிகள் பத்து, நடுவில் அறிவிப்பாளருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கிடையாது. ஐந்தாவது உருப்படிக்குப் பிறகு பரிமாறலாம். நிகழ்ச்சி நடக்கும்போதே பரிமாறினால் எவர்சில்வர் தட்டுச் சத்தம் பாட்டை விழுங்கிவிடும். உணவு சூடாக்கும் பெட்டியையும் ஒலிபெருக்கியையும் ஒரே பிளக்கில் மாட்டக்கூடாது. 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட். பெரிய கெட்டில் ஒன்றைச் சேர்த்தாலே ஃபியூஸ் போய்விடும், அதுவும் கதாநாயகன் பாடும்போது பார்த்துத்தான் போகும்.

அடுத்தது தகரக் கூரை. சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் உள்ளே பேச்சு எதுவும் காதில் விழாது. ஒலியைக் கூட்டினால் மைக் ஊளையிடும். ஒலிபெருக்கிகள் மைக்கைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும், மைக்குக்குப் பின்னால் அல்ல. பாதி மண்டபங்களில் இது தலைகீழாகத்தான் இருக்கும். பத்து உருப்படியில் குறைந்தது இரண்டு பேச்சே இல்லாததாக இருக்கட்டும். கோலாட்டம், உறுமி மேளம் எதுவானாலும் சரி. மழை வந்தால் அவற்றை முன்னால் தள்ளிவிடலாம்.

அதிகச் செலவில்லாத ஓர் உருப்படி நிழல் நாடகம். மோன்மார்த்தின் அதே கடையில் 1880களில் துத்தநாகத் தகட்டில் வெட்டிய உருவங்களை வைத்து நிழல் நாடகம் நடத்தினார்கள். கிளந்தானின் வாயாங் கூலிட்டையும் நம் தோற்பாவைக் கூத்தையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். இரண்டு மீட்டர் அகல வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, அதற்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரே ஒரு பல்ப். குழல் விளக்கு கூடாது. நீளமான வெளிச்சத்தில் நிழலின் ஓரம் மங்கி, மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். உருவங்களைத் தடித்த அட்டையில் வெட்டி மூங்கில் குச்சியில் ஒட்டி, துணியோடு உரசுகிற மாதிரி பிடித்தால் ஓரம் கூர்மையாக விழும். இடையனும் ஆடும் ஞானியரும் ஆறு நிமிடத்தில் வந்துபோய்விடலாம்.

அறிவிப்பாளருக்கு ஆங்கிலேயரின் கிறிஸ்துமஸ் பாண்டோமைமிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம். மேடையில் வில்லன் பதுங்கி வர, கதாநாயகன் கவனிக்காமல் நிற்க, பார்வையாளர்கள் 'பின்னால பாரு!' என்று கத்துவது அங்கே சம்பிரதாயம். கிழவி வேஷத்தை ஆண்தான் கட்டுவார். கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலைதான், மேக்கப் மட்டும் வேறு. தொடக்கத்திலேயே கூட்டத்துக்கு இரண்டு பதில் வாசகம் சொல்லிக்கொடுத்து ஒத்திகை பார்த்துவிட்டால், பின்வரிசைப் பிள்ளைகள் கைப்பேசியை எடுக்க மாட்டார்கள்.

டிக்கெட் போட்டு விற்பதானால் பொழுதுபோக்கு உரிமம் பற்றி மாவட்ட மன்றத்தில் ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

நடை

போசாதா என்றால் ஸ்பானிய மொழியில் சத்திரம். மெக்சிக்கோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவு நடக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் அக்கோல்மான் என்ற ஊரில் அகுஸ்தீன் சபைத் துறவிகள் தொடங்கிய ஒன்பது நாள் வழிபாட்டிலிருந்து வளர்ந்தது. மரியாளும் சூசையும் தங்க இடம் கேட்டு அலைந்ததை ஊரே நடித்துக் காட்டும். வெளியே நிற்கும் கூட்டம் இடம் கேட்டுப் பாடும், கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் மறுத்துப் பாடுவார்கள். வீடு வீடாக மறுப்பு, கடைசி வீட்டில் கதவு திறக்கும். பிறகு சாப்பாடு, பிள்ளைகளுக்குப் பொம்மை உடைப்பு.

நமக்கு இது அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம் தேதி. டிசம்பர் 16 வாக்கில்தான் மார்கழி பிறக்கிறது. பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கர்களின் ஒன்பது நாள் விடியற்காலைப் பூசையும் அதே 16இல்தான் தொடங்குகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விடியலுக்கு முன்பே திருப்பாவை ஒலிக்கிற மாதத்தில் இன்னொரு கூட்டம் விளக்கேந்திப் பாடிக்கொண்டு வந்தால், 'இது என்ன புதுசு' என்று லயத்து வரிசை வீடுகளில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டு மறுக்கிற பாட்டு வடிவமும் நம்முடைய எசப்பாட்டுதான். மெட்டு எல்லாருக்கும் தெரிந்த சிந்து மெட்டாக இருந்தால் போதும். மாதிரிக்கு இரண்டடி:

வெளியே: தூரந் தொலைவிருந்து வந்தோமம்மா – ஒரு
ஓரத் திண்ணை தந்தாலே போதுமம்மா

உள்ளே: நேரங் கெட்ட நேரத்தில் யாரையா நீர் – இந்த
ஊரில் வேறு வீடில்லையா, போமையா நீர்

மூன்று கதவுக்கு மேல் வேண்டாம். ஒரு கதவுக்கு ஏழு நிமிடம், கதவுக்குக் கதவு இருநூறு, முந்நூறு மீட்டர். மொத்த நடை ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் வயதானவர்கள் பின்தங்கி, கூட்டம் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பாதியும் வெவ்வேறு அடியைப் பாடிக்கொண்டு வரும். நடக்க முடியாதவர்கள் நேராக மண்டபத்துக்குப் போய், உள்ளே இருந்து பதில் பாடிக் கதவைத் திறக்கும் குழுவாகிவிடலாம். மூன்றாவது கதவு மண்டபத்தின் கதவுதான்.

மறுக்கும் இரண்டு வீடும் சபையார் வீடாகவே இருக்கட்டும். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்திடம் 'நீங்கள் எங்களை விரட்டிப் பாட வேண்டும்' என்று கேட்டால் தலையாட்டுவார்கள். ஆனால் அன்றிரவு அந்த அம்மாவுக்கு மனசு வராது. வாசல் தேடி வந்தவர்களை, அதுவும் நல்ல நாளில், போ என்று சொல்வது விளையாட்டானாலும் உறுத்தும். முதல் அடியிலேயே கதவைத் திறந்து பலகாரத் தட்டை நீட்டிவிடுவார், நாடகம் அங்கேயே முடிந்துவிடும். அவர்களைக் கதவு திறக்கும் குழுவில் சேர்த்துக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி.

மெழுகுவர்த்தி வேண்டாம். காற்றும் தூறலும் அதை இருபது நிமிடத்தில் தீர்த்துவிடும். பிலிப்பைன்ஸ்காரர்களின் பரோல் நட்சத்திரத்தைச் செய்துகொள்ளலாம். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் 40 சென்டிமீட்டர் நீள மூங்கில் பிளாச்சு பத்து. ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ரப்பர் வளையத்தால் கட்டினால் ஒரு நட்சத்திரம், இன்னும் ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து நுனிகளையும் சேர்த்துக் கட்டியபின், நடுவில் பிளாச்சுகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் எட்டு சென்டிமீட்டர் குச்சியை இரண்டுக்கும் இடையே நெம்பி நிறுத்த வேண்டும். தட்டையாக இருந்தது புடைத்து எழும். நுனிகளைக் கட்டுவதற்கு முன் குச்சியை நுழைத்தால் எல்லாம் தெறித்துப் பறக்கும். பிள்ளைகள் முதல் தடவை செய்கிற தப்பு இதுதான். மேலே காகிதத்துக்குப் பதில் செல்லோபேன் தாள், உள்ளே பேட்டரி எல்.இ.டி. ஐந்து பேருக்கு ஒரு நட்சத்திரம் போதும்.

தோட்டத்துக்குள் இருக்கும் பாதை நிர்வாகத்தின் தனி நிலம். மேனேஜரின் எழுத்து அனுமதியோடு, கேட் காவலரிடமும் நேரத்தைச் சொல்லிவைக்க வேண்டும். பட்டணச் சாலையில் நடந்தால் போலீஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம். வழியில் சூராவ் என்ற சிறு தொழுகைக்கூடம் இருந்தால் பாங்கு ஒலிக்கும்போது பாட்டை நிறுத்திவிடுங்கள். டிசம்பரில் இஷா என்ற இரவுத் தொழுகை எட்டேகால் வாக்கில் வரும், அன்றைய நேரத்தைப் பார்த்துப் பாதையை அமைத்தால் அந்த நேரத்தில் வேறு தெருவில் இருக்கலாம். நாய்களைக் கட்டிவைக்கச் சொல்லி முதல் நாளே வீடு வீடாகச் சொல்லிவிட வேண்டும். ஒன்பதரைக்குள் சத்தம் அடங்க வேண்டும், மறுநாள் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்குக்கு, போகிறவர்களின் தூக்கம் அது.

அடித்து உடைப்பது

போசாதாவின் கடைசியில் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்து உடைக்கும் பொம்மைக்குப் பின்யாத்தா என்று பெயர். சுருக்கமாக, உறியடி. மூலத்தில் அதற்குள்ளும் மண்பானைதான் இருந்தது. ஏழு முனை நட்சத்திரம், ஏழு முனைக்கு ஏழு தலையாய பாவங்கள். பானை உடைந்தால் ஓடு சிதறும், பிள்ளைகள் பாய்ந்து பொறுக்குவார்கள், காலில் ரத்தம். ஆகவே காகிதக் கூழ்தான் பாதுகாப்பு.

பெரிய பலூனை ஊதி, அதைச் சுற்றி முதலில் கயிற்றை உறி மாதிரி வலையாகக் கட்டிவிட வேண்டும். அதற்கு மேல்தான் காகிதம். பலரும் காகிதம் ஒட்டி முடித்தபின் உச்சியில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டுகிறார்கள். முதல் அடியிலேயே உச்சி கிழிந்து முழுசாகத் தரையில் விழுந்துவிடும், உடைக்க ஒன்றும் இருக்காது. ஒரு கப் மைதாவுக்கு நாலு கப் தண்ணீர் விட்டுக் காய்ச்சிய பசையில், இரண்டு விரல் அகல நாளிதழ்த் துண்டுகள். மூன்று அடுக்கு போதும். ஆறு அடுக்கு போட்டால் பெரியவர்கள்தான் உடைக்க வேண்டியிருக்கும். நம் டிசம்பர் ஈரத்தில் ஓர் அடுக்கு காய விசிறிக் காற்றில் முழுசாக ஒரு நாள் ஆகும். அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சணம் பூத்து நாறும். ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். முனைகளுக்கு மணிலா அட்டையைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டலாம்.

உள்ளே போடுவதில் ஒரு சுவாரசியம். மெக்சிக்கோவில் வழக்கமாகப் போடுவது கரும்புத் துண்டு, தோலோடு கூடிய கடலை, மேண்டரின் ஆரஞ்சு, ஹிக்காமா என்ற கிழங்கு. அந்தக் கிழங்கு வேறொன்றுமில்லை, நம் ரோஜாக்கில் போடுகிற செங்குவாங். தாய்நாடு மெக்சிக்கோதான். நாலும் பாசார் மாலாமில் கிடைக்கும். ஆனால் செங்குவாங் தலையில் விழுந்தால் வலிக்கும், ஆரஞ்சு நசுங்கும். அந்த இரண்டையும் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே கடலையும் மிட்டாயுமாக இரண்டு கிலோவுக்குள் நிறுத்துங்கள். அடிப்பவரைச் சுற்றி மூன்று மீட்டர் வட்டம், அதற்குள் யாரும் வரக்கூடாது. உடைந்ததும் கம்பைக் கையிலிருந்து வாங்க ஒரு பெரியவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கண் கட்டிய பிள்ளைக்கு உடைந்தது தெரியாது, மற்றவர்கள் ஓடி வரும்போதும் வீசிக்கொண்டே இருக்கும்.

தள்ளிவிடவேண்டியவை

வேல்ஸ் நாட்டில் குதிரை மண்டையோட்டைக் கம்பில் செருகி, வெள்ளைத் துணி போர்த்தி, வீட்டு வாசலில் நின்று பாட்டுக்குப் பாட்டு சண்டை போடுவார்கள். மரி லூயிட் என்று பெயர். பாட்டுச் சண்டை நம் லாவணி, குதிரை நம் பொய்க்கால் குதிரை. ஆனாலும் ராத்திரியில் லயத்து வாசலில் மண்டையோடு என்றால் அடுத்த நாள் பஞ்சாயத்துதான். ஆஸ்திரியாவின் கொம்பு வைத்த கிராம்பஸ் வேஷத்துக்குக் கம்பளி ரோமம் வேண்டும். இங்கே உள்ளே இருப்பவர் மயங்கி விழுவார், சின்னப் பிள்ளைகள் ஒரு வாரம் தூங்காது. சுவீடனின் யேவ்லெ நகரத்தில் 13 மீட்டர் உயர வைக்கோல் ஆட்டை 1966 முதல் நிறுத்துகிறார்கள். முதல் வருஷமே எரிந்துபோனது, அதன் பிறகும் எத்தனையோ தடவை தீவைத்திருக்கிறார்கள். காய்ந்த செம்பனை மட்டையில் அதைச் செய்து பார்க்கும் ஆசை யாருக்காவது வந்தால் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். மெக்சிக்கோவின் ஓஹாக்காவில் 1897 முதல் டிசம்பர் 23 அன்று நடக்கும் முள்ளங்கிச் சிற்பப் போட்டியை மட்டும் பகல் நேரப் பிள்ளைப் போட்டியாக எடுத்துக்கொள்ளலாம். முள்ளங்கி சீக்கிரம் வாடும், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜப்பானில் கிறிஸ்துமஸ் என்றால் பொரித்த கோழி. 1974இல் கே.எஃப்.சி. செய்த விளம்பரத்தால் வந்த பழக்கம். அது நமக்கு ஒரு விதத்தில் உதவும்: கலந்த கூட்டத்துக்கு ஹலால் கோழியைப்போல் பாதுகாப்பான உணவு இல்லை. ஹலால் சான்றுள்ள கேட்டரிங்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். மாட்டிறைச்சி வேண்டாம். ஐயப்ப மாலை போட்டவர்களும் மார்கழி விரதக்காரர்களும் வருவார்கள் என்பதால் சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. ரம் ஊற்றிய கேக்கைப் பொது மேசையில் வைக்கக்கூடாது.

ஆக, எது?

84 பேருக்குள், நல்ல பேச்சாளர் ஒருவர் கையில் இருந்தால், மேசை நிகழ்ச்சி. அறிவிப்பாளர் சரியில்லை என்றால் அதைத் தொடவே வேண்டாம். பத்து நல்ல உருப்படியையும் ஒரு மோசமான வாய் கெடுத்துவிடும். 150 பேர், பாதி அக்கம்பக்கம் என்றால் போசாதாவும் உறியடியும். சந்தேகமே இல்லை. பார்ப்பவர், நடிப்பவர் என்ற கோடு அதில் கிடையாது, நாற்காலிக் கணக்கும் இல்லை. ஏழே முக்காலுக்கு நடை, எட்டரைக்கு மண்டபக் கதவு, நிழல் நாடகத்தையும் சேர்த்து மூன்றே உருப்படி, ஒன்பதுக்குச் சாப்பாடு. உறியடி சாப்பாட்டுக்கு முன்னால். பின்னால் வைத்தால் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும். கொட்டுகிற மழை என்றால் நடையை விட்டு, மண்டபத்தின் மூன்று வாசலையே மூன்று வீடாக்கி, அஞ்சடி நடைபாதையைச் சுற்றி நடக்கலாம்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேருக்கு மட்டும் என்றால் ஸ்பெயினின் கட்டலோனியாவில் நடக்கும் மரக்கட்டை விளையாட்டுதான் என் தேர்வு. ஒரு கட்டைக்கு முகம் வரைந்து, சிவப்புத் தொப்பி மாட்டி, போர்வை போர்த்தி, டிசம்பர் 8 முதல் தினமும் அதற்குச் சாப்பாடு வைப்பார்கள். கிறிஸ்துமஸ் முந்தின இரவு பாட்டுப் பாடிக் கம்பால் அடித்தால் கட்டை இனிப்பாகக் 'கக்கா' போகும். ஆமாம், நேர்ப்பொருளே அதுதான், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதும் அதற்குத்தான். கட்டைக்கு ரப்பர் மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் பச்சையாக வெட்டியதைக் கொண்டுவந்தால் சில நாளில் கறுத்துப் பூஞ்சணம் பிடித்து வண்டு துளைக்கும். பட்டை உரித்து நன்றாகக் காய்ந்த அரை மீட்டர் துண்டாகப் பாருங்கள். செம்பனைத் தண்டு உதவாது, நார்நாராக உதிரும்.

பத்துப் பத்துப் பேராக மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் பிள்ளைகளை அடுத்த அறைக்குப் பாடிப் பழக அனுப்பிவிட்டு, போர்வைக்கு அடியில் ஆளுக்கொரு கடலை மிட்டாய் வைக்க வேண்டும். சாக்லேட் உருகிவிடும். கடைசிச் சுற்றில் மட்டும் இனிப்போடு ஒரு வெங்காயத்தையும் வையுங்கள். கட்டலோனியாவில் வெங்காயமோ பூண்டோ உப்பு மீனோ விழுந்தால் கட்டைக்கு வயிறு காலி, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.